ஒற்றைக்கொம்பா, இரட்டைக்கொம்பா?

“ஒற்றைக்கொம்பா, இரட்டைக்கொம்பா? அதை மட்டும் சொல்லுங்க. லேபிள் அடிக்கிறவர் லைன்ல இருக்கார்.”

மனைவி செல்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

“அவசரப்படாதே. ‘கொம்புச்சா’ன்னா ஒரு சத்தம், ‘கோம்புச்சா’ன்னா இன்னொரு சத்தம். தப்பா அச்சேறிட்டா அழிக்க முடியாது.”

“ஒரு கொம்பு கூடக்குறைய இருந்தா உலகம் கவுந்திடாது. அச்சகத்துல பிழை திருத்தித் திருத்தி உங்க தலையிலதான் ரெண்டும் முளைச்சிருக்கு.”

“நாளைக்குச் சொல்றேன்.”

இப்படியே நான்கு நாளாகிவிட்டது.

சர்க்கரை போட்ட டீயை ஜாடியில் புளிக்கவைத்து அவள் செய்யும் அந்தப் பானத்தின் மேல் அவருக்குப் பகை கிடையாது. அதைப் புளிக்கவைக்க மேலே மிதக்கும் வெளுத்த ஆடை வட்டத்தை மட்டும் நேருக்கு நேர் பார்க்கமாட்டார். பயமெல்லாம் மேசையைப் பற்றித்தான். தெருமுனைக் கடையில் வாரம் முப்பது பாட்டில் கேட்டிருந்தார்கள். அதற்கு இன்னும் ஜாடிகள் வேண்டும். ஜாடிகளுக்கு வெயில் படாத, வெதுவெதுப்பான இடம் வேண்டும். இரண்டு அறை வீட்டில் அப்படி ஓர் இடம்தான் மிச்சம்: அடுப்படிச் சுவரை ஒட்டி, அவர் பிழை திருத்தும் மேசை. அவள் ஒருநாள் அளவுநாடாவோடு வந்து, அவர் முழங்கையை நகர்த்திவிட்டு, அதை அளந்துகொண்டு போனாள். லேபிள் இல்லாமல் கடையில் எடுக்கமாட்டார்கள். பெயரில்லாமல் ஏது லேபிள்? பெயரோ அவர் கையில். ஆகவே இழுத்தார்.

மறுநாள் ‘ம்’ சரியா, ‘ன்’ சரியா என்று கிளப்பினார். அதற்கடுத்த நாள் கடைசி எழுத்துக்கு வந்தார்.

“பேர்லயே ‘சா’ இருக்கே. வாங்கறவன் என்ன நினைப்பான்?”

“சாப்பாட்டுலயும்தான் இருக்கு. மூணு வேளையும் பயமில்லாமத் திங்கலையா?”

ஏழாம் நாள் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

“பேரே தப்பும்மா. ஜப்பான்காரங்க பாஷையில ‘கொம்பு’ன்னா ஒரு கடல்பாசி, ‘சா’ன்னா டீ. அங்க போய் இந்தப் பேரைச் சொன்னா பாசி டீதான் கிடைக்கும். நம்மது அதில்லை. யாரோ எங்கேயோ பேரை மாத்தி ஒட்டிட்டாங்க போல. நிச்சயமா யாருக்கும் தெரியல. மூலம் தெரியாத பேருக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

அவள் சண்டைக்கு வரவில்லை.

“இவ்வளவு விஷயம் இருக்கா இதுல! யாராவது கேட்டா அப்படியே சொல்வீங்களா?”

“தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.”

மூன்று நாள் கழிந்தது. நான்காம் நாள் பிற்பகல், அவர் மேசையில் ஒரு பாடப்புத்தகத்தின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோது செல்பேசி அடித்தது. தெரியாத பெண்குரல்.

“சார், இது கொம்பா, கோம்பா?”

“எது?”

“பாட்டில்ல உங்க நம்பர் இருக்கே சார். எங்க வீட்டுக்காரர் கோம்புங்கறார். காலையிலேர்ந்து சண்டை.”

வைத்தார். உடனே இன்னொன்று. “பாசிக் கதை சொல்வீங்களாமே சார்? கடையில சொன்னாங்க.”

அடுப்படிக்கு ஓடினார். அவள் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். லேபிளில் பெயரே இல்லை. ‘இதன் பெயரை எப்படிச் சொல்வது? சரியான உச்சரிப்பை கேட்டறிய’ என்று ஒரு வரி. கீழே அவருடைய எண்.

“என்னடி இது?”

“நீங்கதானே பேர் போடக்கூடாதுன்னீங்க? போடலையே. காலையில குடுத்த பன்னிரண்டும் போயிடுச்சு. முப்பது போதாதாம், நாப்பது கேக்கறாங்க.” கை வேலையை நிறுத்தாமலே சொன்னாள். “சாயங்காலம் ஜாடி வருது. மேசைப் பேப்பரையெல்லாம் கட்டிலுக்கு மாத்திடுங்க.”

அவர் வாயைத் திறந்தார். செல்பேசி மறுபடி அடித்தது.

“ஆமாங்க, நான்தான்… சொல்றேன். முதல்ல கொம்புன்னா என்னன்னு பார்ப்போம்…”

பேசிக்கொண்டே காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒட்டாமல் கிடந்த லேபிள் கட்டின் மேல் குனிந்து, முதல் லேபிளில் ‘உச்சரிப்பை’க்கும் ‘கேட்டறிய’வுக்கும் நடுவே ஒரு ‘க்’ போட்டார்.