முக்கொம்புக்குக் கொண்டுபோன குடை

மழையை வியந்து எழுதியவர்களுள் ஒருவரும் ஈர வேட்டியோடு நடுச்சாலையில் நின்றவர் அல்லர் என்பது என் துணிபு. நின்றவன் நான். ஆகவே மழையின் பெருமையைப் பிறர் எழுதட்டும். நான் நிகழ்ந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் இறுதியில் திருவரங்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியனாக இருந்தேன். குடியிருப்பு புத்தூரில், அண்ணன் வீட்டில். மணமாகிச் சில திங்களே ஆகியிருந்தன. என் மனைவி அலமேலு இராமநாதபுரத்துச் சீமையில் வளர்ந்தவள். அவளும் நானும் பகல் வெளிச்சத்தில் ஒரு முழு வாக்கியம் பேசிக்கொண்டதில்லை. எங்களுக்கென்று ஒதுக்கிய அறையில் நெல்மூட்டைகள் எங்களுக்கு முன்பே குடியேறியிருந்தன. அதன் சுவரோ அண்ணனின் இருமலை ஒரு மாத்திரையும் குறையாமல் கடத்தும்.

அவள் சிரித்து நான் கேட்டதில்லை. ஒருநாள் கொல்லையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். என்னவென்று கேட்டதற்கு, வெங்காயம் என்றாள். அன்று வீட்டில் சமைத்தது வாழைத்தண்டு.

இந்த வாழ்க்கை அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று தனிமையில் கேட்டுவிட வேண்டும். அதற்கு அரையாண்டு விடுமுறையே ஏற்ற காலம். முக்கொம்பில், காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடமே ஏற்ற களம் என்று முடிவு செய்தேன். (பிரியும் இடத்தில் போய் இதைக் கேட்பானா ஒருவன் என்று அன்று தோன்றவில்லை.)

மார்கழியில் பனிதான் பெய்யும் என்று அவளுக்கு உறுதி கூறியிருந்தேன். வானம் என் உறுதியைப் பொருட்படுத்தவில்லை. விடுமுறை தொடங்கிய அன்று பிடித்த மழை விடுவதாயில்லை. நாள்தோறும் விடியலில் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். அண்ணி உள்ளிருந்தபடியே, “தம்பி, நீங்க முறைச்சா அது நிக்காதுங்க” என்பார்.

விடுமுறையின் கடைசி நாளும் வந்துவிட்டது. பொங்கலுக்கு அவள் தாய்வீடு போவாள். போனவள் மனமுவந்து திரும்புவாளா என்ற ஐயம் என்னை வதைத்தது. தூறலைப் பொருட்படுத்தாமல் கிளம்பினேன். அண்ணி புளிச்சோற்றைத் தூக்குவாளியில் கட்டிக் கொடுத்தார். அண்ணன் தம் மூங்கில்காம்புக் குடையை, இருவர் தாராளமாக நிற்கக்கூடியதை, நீட்டினார்.

“இதைத் தொலைச்சிட்டு வந்தா நீ தனியா வீடு பாத்துக்க!”

(அதுவும் ஒரு வழிதான் என்பது எனக்கு உறைக்காமற் போயிற்று.)

பேருந்தில் அவள் முன்புறம் பெண்களோடும் நான் பின்புறமும் அமர்ந்தோம். மலைக்கோட்டை மழைக்குள் மறைந்தது. ஜீயபுரம் தாண்டியதும் வண்டி நின்றது.

“ரோட்டு மேல மரம் விழுந்து கெடக்கு. வெட்டி எடுக்காம வண்டி நகராது. டீ குடிக்கிறவங்க குடிங்க” என்றார் நடத்துநர்.

மொத்தப் பேருந்தும் சாலையோரத் தேநீர்க்கடைக்குள் புகுந்தது. முக்கொம்பு நடக்கும் தொலைவுதான் என்று நான் அலமேலுவை அழைத்தபோது, ஒரு விவசாயி எழுந்து கும்பிட்டார்.

“அட, நம்ம பையனோட தமிழ் வாத்தியாருங்க!”

கடை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் கணத்தில் மழை வலுத்தது. கையில் ஒரே குடை, நனைய இருவர்.

“நீ பிடித்துக்கொள்” என்றேன்.

“நீங்க நனைய நான் குடை பிடிச்சா நல்லாவா இருக்கும்? நீங்க பிடிச்சுக்குங்க.”

அவளை நனையவிட்டு நான் பிடிப்பதும் முறையன்று. இருவரும் ஒரே குடைக்குள் உரசிக்கொண்டு நடப்பதோ, அக்காலத்தில் நாடகக்காரர்க்கு இயலும். மாணவனின் தந்தை பார்த்திருக்க ஓர் ஆசிரியனுக்கு இயலாது. ஆழ்ந்து சிந்தித்து, அவளுக்கும் எனக்கும் அந்தத் தந்தைக்கும் பொதுவான ஒரு தீர்வு கண்டேன். குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு மழையில் நடந்தேன். தூக்குவாளியோடு அவள் நாலடி பின்னால் வந்தாள்.

“வாத்தியாரே, குடை ரிப்பேருங்களா?” என்று நடத்துநர் கூவினார்.

“இல்லை, நல்ல நிலையில்தான் இருக்கிறது” என்றேன், திரும்பாமல்.

“அப்ப மழைதான் ரிப்பேரு போல!”

கடை சிரித்தது. நான் நடையின் கம்பீரத்தைக் கூட்டினேன்.

விழுந்து கிடந்த மரத்தைச் சுற்றிக் கடந்ததும், இருபுறமும் வாழைத்தோட்டம். ஆளரவம் இல்லை. இதுவே தருணம் என்று நின்று, பல நாள் செப்பம் செய்து வைத்திருந்த வாக்கியத்தைத் தொடங்கினேன். வாழை இலைகளில் மழை அறைந்த ஓசையில் அது எனக்கே கேட்கவில்லை.

“என்னங்க?”

மீண்டும் சொன்னேன். அவள் நெருங்கி வந்து, என் அக்குளிலிருந்து குடையை உருவி, விரித்து, இருவருக்கும் மேலாகப் பிடித்தாள்.

“இப்பச் சொல்லுங்க.”

அவள் கூந்தலிலிருந்து வடிந்த நீர் என் தோளில் சொட்டியது. எழுவாய் நாக்குவரை வந்தது, பயனிலை வரவில்லை. பயனிலைக்குப் பதிலாகப் பின்னால் பேருந்தின் ஒலிப்பான் வந்தது. மரத்தை அகற்றியிருந்தார்கள்.

அத்தனை சன்னல்களிலும் அத்தனை முகங்கள். திடுக்கிட்ட நான் குடைக்குள்ளிருந்து வெளியே பாய்ந்தேன். பாய்ந்த திசையில் வாய்க்கால் இருந்தது. போகிற போக்கில் என் கை தட்டித் தூக்குவாளியும் என்னோடு வந்தது. இடுப்பளவு செந்நீரில் நான் நிற்க, அண்ணியின் புளிச்சோறு என்னைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போயிற்று.

“குடை சரியாச்சு, வாத்தியாரு நனைய எறங்கிட்டாருய்யா!” என்றார் நடத்துநர்.

பேருந்து குலுங்கியது. அதற்கும் மேலாக ஒரு சிரிப்பு கேட்டது. கரையில் அலமேலு, ஒரு கையால் குடையையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். இம்முறை அவள் வெங்காயத்தைக் காரணம் காட்டவில்லை.

அந்தப் பேருந்தே எங்களை ஏற்றிக்கொண்டது. முக்கொம்பில் வெள்ளமென்று ஒருவரையும் உள்ளே விடவில்லை. அதே வண்டியில் திரும்பினோம். திரும்புகையில் அவள் பெண்கள் பக்கம் போகவில்லை. என் அருகில், குடையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தாள். நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார். அதற்கு அவர் பட்ட பாடு அவர் முதுகில் தெரிந்தது.

எனக்குக் காய்ச்சல் கண்டது. பொங்கலுக்குப் போனவள் சொன்ன நாளுக்கு முன்பே வந்து இறங்கினாள். வந்ததும் அண்ணியிடம் எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டாள். இன்றும் எங்கள் குடும்பத்தில் கணவன் மனைவி முகம் கொடுத்துப் பேசாவிட்டால், “என்ன, குடை ரிப்பேரா?” என்றுதான் கேட்பார்கள். புதிதாக வந்த மருமகன்கூடக் கேட்கிறார்.

செப்பம் செய்த அந்த வாக்கியத்தை இன்றுவரை நான் சொல்லி முடிக்கவில்லை. மழைநாளில் வெளியே போகச் செருப்பை மாட்டினால், உள்ளிருந்து குரல் வரும்: “குடை ரிப்பேருங்களா?”

“இல்லை” என்று விரித்துப் பிடிப்பேன். அவள் வந்து நின்றுகொள்வாள்.