கொப்பியின் பின்பக்கத்து எழுத்தாளர்

எழுத்தாளர்களில் பல இனம் உண்டு. மேடை கண்ட இடமெல்லாம் ஏறுகிறவர், புத்தக வெளியீடு எங்கே நடந்தாலும் முன்வரிசைக் கதிரையைப் பிடிக்கிறவர், எழுதப்போகும் நாவலைப் பற்றியே இருபது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறவர். இவர்களை உங்களுக்குத் தெரியும். தெரியாமல் இருக்க அவர்கள் விடமாட்டார்கள். இங்கே சொல்ல வந்தது இலேசில் கண்ணில் படாத ஓர் இனத்தைப் பற்றி: பின்பக்கத்து எழுத்தாளர். பெண். குறைந்தது ஒரு பிள்ளைக்குத் தாய். வாழிடம், பாடசாலைப் பைக்கும் பருப்புச் சட்டிக்கும் நடுவே.

இவரை மேசையருகே தேடாதீர்கள். மேசை இருக்கும், அதன்மேல் மடிக்காத உடுப்பு இருக்கும். தொலைபேசியில் எழுதலாமே என்பீர்கள். எழுதலாம், சின்னதின் கையிலிருந்து அதை யார் பறிப்பது? விடியப்புறம் எழும்பி எழுதலாமே என்றும் சிலர் யோசனை சொல்வதுண்டு. அவர்களை இவர் ஒரு புன்னகையோடு பார்ப்பார். 'உங்கள் பிள்ளைகளை வேறு யாரோ வளர்க்கிறார்கள்' என்று அதற்கு அர்த்தம்.

கண்டி மாத்தளை வீதியில் இருக்கும் அலவத்துகொட பஸீஹாவை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதில் ஸனா, ஒன்றரை வயதில் பஹ்மி, கணவன் ரிஸ்கான், கணவனின் தாயார் மாமி. ஏழு வருடத்தில் அவள் தொடங்கிய கதைகள் பதினான்கு. முடித்தவை ஒன்றும் இல்லை. ஒருமுறை துணிந்து, தனக்கென்றே புதுக் கொப்பி ஒன்று வாங்கி உட்கார்ந்தாள். முதல் வரி முடியுமுன் ரிஸ்கான் எட்டிப் பார்த்தான்.

"சாமான் லிஸ்ட்டா? சவர்க்காரமும் போட்டுக்கோங்க."

இரண்டாம் வரியில் மாமி வந்தார்.

"சும்மாதானே ஈக்கிறீங்க மகள், இவன கொஞ்சம் புடிங்க."

மூன்றாம் வரி இன்றுவரை எழுதப்படவில்லை.

பிறகுதான் அந்த மகத்தான கண்டுபிடிப்பு. ஒரு பின்னேரம் ஸனாவின் சுற்றாடல் பாடக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவள் சும்மா குந்தியிருந்தாள். வீடு அப்படியே அடங்கிவிட்டது. ரிஸ்கான் டீவீயின் சத்தத்தைக் குறைத்தான். மாமி, "உம்மா பாடம் சொல்லிக்குடுக்குறா, வா" என்று பஹ்மியை இடுப்பில் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். உலகத்தில் எந்த எழுத்தாளருக்குக் கிடைத்தது இந்த மரியாதை?

அன்றிலிருந்து தினமும் நாற்பது நிமிடம். ஸனா தனிக் கடதாசியில் தவளைக்கு நிறம் தீட்டிப் பழகுவாள். அவளுடைய கொப்பியைக் கவிழ்த்துப் பிடித்து, கடைசிப் பக்கத்திலிருந்து பஸீஹா கதை எழுதுவாள். முன்பக்கத்திலிருந்து நீர்வாழ் உயிரினங்கள் வந்துகொண்டிருந்தன. பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கண்டியிலிருந்து மாத்தளை பஸ்ஸில் வருகிறவள், தன் வீட்டு நிறுத்தத்தில் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. பதினெட்டுப் பக்கம். அதைவிடப் பெரிய செய்தி, கதை முடிந்துவிட்டது. கண்டியில் ஓர் இலக்கிய வட்டம் தொகுப்பொன்றுக்குக் கதை கேட்டிருந்தது. பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். கடைசி நாள் புதன்கிழமை, பின்னேரம் நாலு மணி.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கொப்பியைக் காணவில்லை. கட்டிலுக்குக் கீழே இல்லை. அலுமாரிக்கு மேலே இல்லை.

"சுற்றாடல் கொப்பியா? இண்டைக்குத் திருத்துற நாள்தானே. நான்தான் பைக்குள்ள வெச்சு அனுப்பின," என்றார் மாமி, பெருமையாக.

இந்தக் கதி வேறெந்த எழுத்தாளருக்கும் நேராது. தன்னுடைய ஒரே பிரதி மூன்றாம் தரத்து ஆசிரியையிடம் திருத்தப் போய்ச் சேர, இந்த இனத்தில் பிறந்திருக்க வேண்டும்.

பஹ்மியின் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்து, அவன் போட்ட கூச்சலை மாமியிடம் ஒப்படைத்து, ஸனாவுக்குக் கொடுக்க வந்ததாகச் சாட்டுச் சொல்ல அலுமாரியிலிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு, த்ரீவீல் பிடித்துப் பாடசாலைக்கு ஓடினாள்.

"வாங்க. தண்ணிப் போத்தலா? அவகிட்ட ஒண்ணு இருக்கே," என்றார் வகுப்பாசிரியை சஞ்சீவனி, கலஹாவிலிருந்து பேராதனை, கண்டி என்று தினமும் பஸ் மாறி மாறி வருகிறவர்.

"இல்ல டீச்சர்… வெயில்தானே."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. டீச்சர் அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"ஒங்க மக தவளைய நல்லா வரைஞ்சிருக்கா. பின்னால ஒரு பொம்பள பஸ்ஸுல ஒக்காந்திருக்கா. அவளையும் பாத்தேன்."

"மன்னிச்சுக்கோங்க டீச்சர், புள்ளட கொப்பியில இப்பிடி…"

"அத விடுங்க. பதினேழு பக்கம் அவ எறங்கல. நானும் மூச்சப் புடிச்சிக்கிட்டு வாசிக்கிறேன். கடைசிப் பக்கத்துல நாலே வரியில எறங்கி, வீட்டுக்கு ஓடி, சோறு போட்டுட்டா! ஏன்? அன்னைக்கு ஒங்க அடுப்புல என்னங்க இருந்திச்சி?"

பஸீஹா தலையைக் குனிந்தாள். "பருப்பு, டீச்சர். அடிபுடிச்சிட்டு."

டீச்சர் கொப்பியை நீட்டினார். கதைக்குக் கீழே, பழக்கதோஷத்தில், சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'முடிவு அவசரம். திருத்தி எழுதி, பெற்றோர் கையொப்பத்துடன் காட்டவும்.'

"நாலு மணிக்குள்ள அனுப்பணும் டீச்சர். வீட்டுக்குப் போனா ஏலாது."

"யாரு போகச் சொன்னா? அந்தக் கடைசிக் கதிரையில ஒக்காருங்க. வீட்டுல கேட்டா, டீச்சர் நிக்கச் சொன்னாங்கன்னு சொல்லுங்க. அதுக்கு மேல யாரு கேக்கப்போறா?"

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, அப்படியே சொன்னாள்.

"ஏன், புள்ள படிக்கிற இல்லயாமா?" என்று பதறினார் மாமி.

"படிக்கிறா மாமி. இன்னம் கொஞ்சம் எழுத ஈக்கியாம்."

எட்டு வயதுக்குச் செய்த கதிரையில், முழங்கால் நாடியைத் தொட, பஸீஹா உட்கார்ந்தாள். ஸனா திரும்பிப் பார்த்தாள்.

"உம்மா! நீங்க இங்க என்ன செய்ற?"

"ஒங்க உம்மா வீட்டுப்பாடத்த முடிக்காம வந்துட்டாங்க," என்றார் டீச்சர்.

வகுப்புக்கே அன்று பெருநாள். பக்கத்தில் இருந்த சிறுமி பெரிய மனதோடு தன் ரப்பரை நகர்த்தி வைத்தாள். "அன்ட்டி, அழுவாதீங்க. எனக்கும் ஒரு நாள் இப்பிடித்தான்."

யாரும் கூப்பிடவில்லை. எதுவும் அடிப்பிடிக்கவில்லை. பஸ்ஸில் இருந்த பெண் இம்முறை மாத்தளை வரைக்கும் போனாள். இறங்கி, ஒரு கடையில் தனியாகக் குந்தி, ஒரு பிளேன்டீயை ஆறுவதற்கு முன் முழுவதும் குடித்தாள். பிறகு அடுத்த பஸ்ஸில், ஜன்னல் பக்கத்தில் இடம்பிடித்துத் திரும்பினாள்.

'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் பஸீஹா ஒப்பம் வைத்தாள். தான் எழுதியதற்குக் கீழே அவள் வைத்த முதல் ஒப்பம். காட்டப் போனபோதுதான் கவனித்தாள்: டீச்சரின் மேசையில் பாடக்குறிப்புப் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது. அதிலும் பின்பக்கத்திலிருந்து நெருக்கமான எழுத்து.

"டீச்சரும்…?"

"பேராதனை வரைக்கும் சீட்டு கெடைச்சா கதை," என்றார் சஞ்சீவனி, புத்தகத்தை மெல்ல மூடியபடி. "நின்னுக்கிட்டு வந்தா கவிதை."

பக்கங்களை வகுப்பிலேயே படம் எடுத்து அனுப்பிவிட்டு வீடு திரும்பினாள். மூன்றரை மணிக்கு இலக்கிய வட்டத்திலிருந்து பதில் வந்தது. 'கதை கிடைத்தது. ஒரு சந்தேகம். கடைசிப் படத்தில் ஒரு பச்சைத் தவளை. "தவளை நீரிலும் வாழும், நிலத்திலும் வாழும்" என்று கீழே எழுதியிருக்கிறது. இதுவும் கதையில் சேர்ந்ததா?'

அவசரத்தில் ஒரு பக்கம் கூடுதலாக எடுபட்டுவிட்டது. இடுப்பில் பஹ்மி, கையில் அகப்பை. பஸீஹா சற்று யோசித்தாள். பிறகு ஒற்றை விரலால் அடித்தாள்: 'ஆம். அதை எடுத்துவிட வேண்டாம்.'

ஆகவே, அடுத்த வீட்டில் பாடம் நடக்கிறது என்று எல்லோரும் மெதுவாகப் பேசினால், சற்றே சந்தேகப்படுங்கள். உங்கள் வீட்டுக் கொப்பிகளையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். என்ன, சிரிப்பு வருகிறதா? அது இருக்கட்டும். இந்தப் பக்கத்தை இப்போது எந்தக் கொப்பிக்குள் வைத்து வாசிக்கிறீர்கள்? ஓரத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கினீர்களே, அது என்ன? சொல்ல வேண்டாம். முதலில் எழும்பிப்போய் அடுப்பைப் பாருங்கள். அடிப்பிடித்து மணக்கிறது.