மாமியார் போட்ட மார்க்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மனைவியின் தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் ரத்த அழுத்தமும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். உங்கள் கடைவாய்ப் பல்லைப் பற்றி விசாரிக்கப்போவதில்லை. போன வாரம் அதை ராவித் தற்காலிக கேப் மாட்டியவன் நானே என்பதால் அதுவும் சுகமாகத்தான் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போகிறது என்று நீங்கள் புலம்புவதாக அக்கா போனில் சொன்னாள். மனப்பிரமை. கல்யாணத்தன்று செருப்புக் கடிக்கே படுத்துவிட்டவர்தானே நீங்கள்.

நிற்க. இதை மைத்துனனாக எழுதவில்லை. நீங்கள் தலைமை தாங்கும் பல் மருத்துவக் கல்லூரியின் மூத்த ஆசிரியனாக எழுதுகிறேன். இறுதியாண்டு செய்முறைத் தேர்வுக்கு இனி மார்க் போடுவது நானா, நீங்கள் வாங்கிக்கொடுத்த அந்த ஸ்கேனரா என்று திங்கட்கிழமை நிர்வாகக் குழுவில் முடிவெடுக்கப்போகிறீர்களாம். ஸ்கேனர்தான் என்றால் என் ராஜினாமா அன்றே உங்கள் மேசையில் இருக்கும். துறைத் தலைவர் பதவியை உங்கள் நடைப்பயிற்சி நண்பருக்குத் தூக்கிக் கொடுத்தபோது வாய் திறந்தேனா? என் அறை ஜன்னலை மறைத்து ஜெனரேட்டரை நிறுத்தினீர்களே, அப்போதாவது? அதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டேன். இதை மறக்க முடியாது.

அந்தக் கருவி என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கேப் போடுவதற்காகப் பிள்ளைகள் பொம்மைத் தாடையில் ஒரு பிளாஸ்டிக் பல்லை ராவிக் கொடுக்கிறார்கள். இது அதைப் படம்பிடித்து, தன் வயிற்றில் வைத்திருக்கும் மாதிரிப் பல்லோடு ஒப்பிட்டு, திரையில் வண்ணம் பூசிக் காட்டுகிறது. சரியாக ராவிய இடம் பச்சை, குறைவாக ராவினால் நீலம், அளவுக்கு மீறி ராவினால் சிவப்பு. கடைசியில் மார்க். எதைச் செய்தாலும் குற்றம் சொல்வதால் பிள்ளைகள் அதற்கு மாமியார் என்று பேர் வைத்திருக்கிறார்கள். “டேய், மாமியார் எழுபது போட்டுடுச்சுடா!” என்று வராந்தாவில் ஒருவன் குதிக்கிறான். எழுபதா? என் கையால் இன்றுவரை எவனுக்கும் அறுபதுகூட விழுந்ததில்லை.

மாமியாரின் வண்டவாளத்தை ஊரறியச் செய்ய நானே ஒரு பல்லை ராவி, ஆய்வக உதவியாளரிடம் ரகசியமாகக் கொடுத்து, பிள்ளைகளின் பற்களோடு கலக்கச் சொன்னேன். அப்பழுக்கில்லாத என் பல்லுக்கு அது குறை சொல்லும், நான் எழுந்து “அது என்னுடையது” என்பேன், கருவி மூட்டை கட்டும். இதுதான் திட்டம்.

நேற்று வகுப்பு நிறைந்திருந்தது. இளம் விரிவுரையாளர், அதான் அந்த ஸ்கேனரைக் குழந்தை மாதிரித் துடைத்து வைக்கிற பெண், “சார், கலரையும் மார்க்கையும் மறைச்சு வச்சிருக்கேன். முதல்ல நீங்க சொல்லுங்க, அப்புறம் அது என்ன சொல்லுதுன்னு பாப்போம்” என்றாள். பேர் கிடையாது, ஒவ்வொரு பல்லாகத் திரையில் வரும். ஒன்று வந்தது பாருங்கள், அத்தான், அடடா! என் கை எனக்குத் தெரியாதா? “இதப் பாருங்கடா! இதுக்குப் பேருதான் கை! தொண்ணூத்தஞ்சு!” என்றேன். மாமியார் தொண்ணூற்று நான்கு போட்டது. பொறாமை, ஒரு மார்க் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். அடுத்து ஒன்று வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பல்ல ராவச் சொன்னா பென்சில் சீவிருக்கான்! இவன் கையில டிரில்லக் குடுத்த புண்ணியவான் யாரு? முப்பது. அதுவும் அந்தப் பல்லப் பாத்துப் பாவப்பட்டு.” அவள் பொத்தானை அழுத்தினாள். பல் முழுக்க ரத்தச் சிவப்பு. முப்பத்தொன்று. “சார் திட்டுனதுல பல்லே வெக்கப்பட்டுடுச்சுடா” என்று பின்வரிசையில் ஒரு குரல். நானும் சிரித்தேன், அத்தான். வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகு அவரவர் பல்லை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள். என் தொண்ணூற்றைந்தை நோக்கி ஒருவன் கை நீட்டினான். தூங்குமூஞ்சி என்று பேர் எடுத்தவன். நானே இரண்டு முறை பெயிலாக்கியவன்.

“டேய், அத ஏன்டா தொடுற?”

“என்னோடது சார்.”

“நல்லாப் பாருடா!”

“பாத்துட்டேன் சார். மன்னிச்சுக்கங்க சார்.”

எல்லோரும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தட்டில் ஒரே ஒரு பல் மிச்சம். பென்சில். உதவியாளர் அதைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்து, “சார், குடிக்கத் தண்ணி கொண்டாரட்டுமா?” என்றார். அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இத்தனை வருஷம் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன், இவ்வளவு பொருத்தமாக யாரையும் திட்டியதில்லை.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். என் கண்ணுக்கும் அந்தக் கருவிக்கும் ஒரே ஒரு மார்க்தான் வித்தியாசம். அப்புறம் கருவி எதற்கு? உடனே திருப்பி அனுப்புங்கள். இல்லையென்றால் ராஜினாமா. இதில் மாற்றமில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், பெரியவனைப் பல் மருத்துவம் மட்டும் படிக்க வைக்காதீர்கள்.

என்றும் உங்கள் மரியாதைக்குரியவனாக நடத்தப்படாத,
மைத்துனன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது ஒரு விஷயம் உறைத்தது. முழுக்கச் சிவப்பு என்றால் அளவுக்கு மீறி ராவியது என்று அர்த்தம். உயிருள்ள பல்லை அப்படி ராவினால் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உயிர் போகும். தயவுசெய்து கருவியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அது மனுஷ வாய்க்குள்ளும் பார்க்குமாம். திங்கட்கிழமை கூட்டத்துக்கு முன்னால் என் அறைக்கு வாருங்கள், அதுவரை வெந்நீர் மட்டும் குடியுங்கள். தூங்குமூஞ்சியையும் வரச் சொல்லியிருக்கிறேன். பயப்பட வேண்டாம், டிரில்லை அவன் பிடித்துக்கொள்வான். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.