மீட்டரை நிறுத்தியவன் நான்

கரண்ட் பில் கூடி வந்தால் எல்லாருக்கும் நெஞ்சு பதறும். குறைந்து வந்த பில்லைப் பார்த்துக் காய்ச்சலில் படுத்த ஒரே ஆள் வெள்ளவத்தையில் நானாகத்தான் இருப்பேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்லும்போது இப்போதும் காது சுடுகிறது.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று என் மனைவி வசந்தா திருத்துவாள்). காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் சாரி பிரித்துக் காட்டுவதும் திரும்ப மடிப்பதும் என் வேலை. அரைவாசியில் படிப்பை விட்டவனுக்கு ஒரு வியாதி இருக்கிறது. அச்சடித்த தாள் எது வந்தாலும் அதில் தனக்கு எதிராக ஏதோ எழுதியிருப்பதாகவே படும். கல்யாணக் கார்டைக்கூட நான் இரண்டு முறை வாசித்த பிறகுதான் மூச்சு விடுவேன்.

கரண்ட் கட்டணம் ஏறிக்கொண்டே போன அந்த நாட்களில் இந்த வியாதி முற்றிவிட்டது. நாங்கள் இருந்தது கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடி வீட்டில், வாடகைக்கு. கீழ் வீட்டில் ஃபரீதா ராத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தனியாக இருந்தார். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில். இரண்டு வீட்டு மீட்டர்களும் படிக்கட்டுக்குக் கீழே ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தினமும் வேலைக்குப் போகும்போது எங்கள் மீட்டருக்கு முன்னால் நின்று அதன் சக்கரம் சுற்றும் வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். கோயிலில்கூட நான் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

வேலை முடிந்து வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்ற முன்னமே என் வாயில் வரும் முதல் வசனம், "ஆர் இந்த லைட்டைப் போட்டது?" என்பதுதான். யாரும் பதில் சொல்லமாட்டார்கள். பதில் வராததால் இன்னும் சத்தமாகக் கேட்பேன். போதாததற்கு, சாரிப் பெட்டி மட்டையை வெட்டி, என் அழகான கையெழுத்தில் "அணைத்தாயா?" என்று எழுதி ஒவ்வொரு சுவிச்சுக்கும் மேலே ஒட்டினேன். படுக்கையறைச் சுவிச்சுக்கு மேலே ஒட்டும்போது வசந்தா பின்னால் நின்று வாசித்தாள்.

"ஆரை அப்பா?" என்றாள்.

மூத்தவள் தர்ஷியும் சின்னவள் மீனுவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மின்சாரத்தில் விளையாட்டுக் கூடாது என்று அரைமணி நேரம் பேசினேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் குறைந்ததை நான் கவனிக்கவில்லை. யூனிட்டைத்தானே கவனித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் மீட்டர் பார்க்கிறவர் வந்தார். எங்களுக்கு வழக்கமாக மாதம் நூற்றிருபது யூனிட் அளவில் வரும். அவர் இலக்கத்தைக் குறித்தார், பழைய இலக்கத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். முப்பத்தொரு யூனிட்.

"கெதர கவுருத் நெத்த?" என்று கேட்டார். சிங்களத்தில், வீட்டில் ஒருவரும் இல்லையா என்று அர்த்தம்.

நாலு பேர் இருக்கிறோம் என்று விரலைக் காட்டினேன். அவர் என் விரல்களைப் பார்த்தார். பிறகு குனிந்து மீட்டரின் ஈய முத்திரையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் துண்டைக் கிழித்துத் தந்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஒன்றும் சொல்லாததுதான் என்னைக் கொன்றது.

வேறு ஆளென்றால் என் சட்டதிட்டம் பலித்துவிட்டது என்று துள்ளியிருப்பான். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. நான் செய்த ஒரு காரியம் சரிவரும் என்று நான் என்றைக்கும் நம்பியதில்லை. மீட்டர் பழுதாகிவிட்டது, நான்தான் கை வைத்தேன் என்று சொல்லப்போகிறார்கள் என்றே நினைத்தேன்.

கடையில் என்னோடு வேலை செய்யும் சிவா எண்ணெய் ஊற்றினான். "அண்ணை, யூனிட் திடீரெண்டு விழுந்தா அவங்கள் வானோட வந்து நிப்பாங்கள். கள்ளக் கரண்ட் எண்டு கேஸ். வீடு உங்கட பேரிலயே?"

வீடும் மீட்டரும் கனடாவில் இருக்கும் வீட்டுக்காரரின் பெயரில். கேஸ் என்ற சொல் அவர் காதில் விழுந்தால் அடுத்த கிழமையே பெட்டியைக் கட்டவேண்டியதுதான். தர்ஷிக்குப் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனைக்கு மூன்று மாதம் இருந்தது. புத்தகங்களோடு பிள்ளையை எங்கே கொண்டுபோவது? இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை. வசந்தா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மல்லித் தண்ணி போட்டுத் தந்தாள். அதைக் குடித்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். அவர்கள் வர முன்னம் நானே மின்சாரக் கந்தோருக்குப் போய் மீட்டர் நின்றுவிட்டது என்று சொல்லிவிட வேண்டும்.

என் சிங்களம் புடவைக் கடைச் சிங்களம். சிவப்பு, பச்சை, சாயம் போகாது, கடைசி விலை. இதற்கு மேல் எனக்குத் தெரியாது. "நின்றுவிட்டது" என்பதற்குச் சிவாவிடம் கேட்டு, பஸ்ஸில் போகும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். நெவதுணா. நெவதுணா. கவுண்டரில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்ததும் என் வாயில் வந்தது வேறு.

"மகே மீட்டர் எக நெவெத்துவா."

நெவதுணா என்றால் தானாக நின்றது. நெவெத்துவா என்றால் ஒரு ஆள் நிறுத்தியது. இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த அம்மா பேனையைக் கீழே வைத்தார். "கவுத நெவெத்துவே?" என்று மெதுவாகக் கேட்டார்.

கவுத என்றால் யார் என்பது மட்டும் விளங்கியது. வீட்டுக்குப் பொறுப்பான ஆள் யார் என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நெஞ்சை நிமிர்த்தி, கையை நெஞ்சில் வைத்து, "மம!" என்றேன். நான்!

பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து என்னைப் பார்த்தார். அவ்வளவு மரியாதையாக ஒரு கந்தோரில் என்னை யாரும் பார்த்ததில்லை. விலாசத்தை எழுதிக் கேட்டார்கள். என் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை வான் வந்து நின்றது. இரண்டு பேர், ஒரு கருவிப் பெட்டி. ஒழுங்கையில் ஜன்னல்கள் திறந்தன. மூத்தவர் என்னைக் கண்டதும் சிங்களத்தில் நீளமாக ஏதோ கேட்டார். நன்றாகச் சிங்களம் தெரிந்த தர்ஷி என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, மீட்டரை நீங்கள்தான் நிறுத்தினது எண்டு ஒத்துக்கொண்டிருக்கிறியளாம். எப்பிடி நிறுத்தினனீங்கள் எண்டு கேக்கினம்."

படிக்கட்டிலேயே குந்திவிட்டேன். வசந்தா, "ஐயோ, இந்த மனிசன் ஃபியூஸ் போடவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுறவர்!" என்று கத்தினாள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னாள்.

அவர்கள் கருவியைப் பூட்டிப் பார்த்தார்கள். முத்திரை அப்படியே இருந்தது. சக்கரம் ஒழுங்காகச் சுற்றியது. "மீட்டர் எக ஹொந்தய்," என்றார் மூத்தவர். மீட்டர் நல்லாத்தான் இருக்கிறது. அப்படியென்றால் நாலு பேருக்கு முப்பத்தொரு யூனிட் எப்படி? அவருடைய கண் மெல்லப் பக்கத்து மீட்டருக்குப் போனது. என்னுடைய கண்ணும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அங்கே போனது. ராத்தாவின் மீட்டர் பேய் பிடித்த மாதிரிச் சுழன்றுகொண்டிருந்தது. தனியாக இருக்கும் ஒரு மனிசியின் மீட்டர்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்க் கதவு திறந்தது. ஒரு கையில் அயர்ன் பண்ணிய என் ஷர்ட், மறு கையில் எங்கள் ரைஸ் குக்கர்ப் பானை. ராத்தா வானைக் காணவில்லை.

"வசந்தா, சோறு வெந்திட்டு. தம்பிக்கிட்ட ஷர்ட்டக் குடுங்க. மீனுட உடுப்பு இன்னம் மெஷின்ல ஈக்கி. தர்ஷி, ஃபேனை ஓஃப் பண்ணாம வந்திட்டீங்க, பரவால்ல, புஸ்தகம் அங்கதானே கெடக்கு..."

பிறகுதான் வானைக் கண்டார். என்னையும் கண்டார். பானையைப் பின்னால் மறைக்கப் பார்த்தார்.

ஒரு மாதமாக, காலையில் நான் குளிக்கப் போகும் நேரத்திலும் வேலைக்குப் போன பிறகும் என் குடும்பம் கீழே இறங்கியிருக்கிறது. சமையல், படிப்பு, நாடகம் எல்லாம் அங்கே. நான் வர முன்னம் மேலே ஏறி இருட்டில் நல்ல பிள்ளைகளாக இருந்திருக்கிறார்கள். மின்சாரக்காரர் ஏன் என்று தர்ஷியைக் கேட்டார். அவள் தாயைப் பார்த்தாள். நிலத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அபி தாத்தாட்ட பயய்."

சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. என் வாழ்க்கையில் யாரும் மொழிபெயர்க்காமல் எனக்கு முழுதாக விளங்கிய முதல் சிங்கள வசனம் அது. நாங்கள் அப்பாவுக்குப் பயம்.

எனக்குப் பில்லுக்குப் பயம், கந்தோருக்குப் பயம், வீட்டுக்காரருக்குப் பயம், நாய்க்கும் பயம். என்னைப் பார்த்தும் பயப்பட உலகத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அந்த மூன்று பேரும் என் வீட்டிலேயே இருந்தார்கள்.

மூத்தவர் பெட்டியை மூடினார். என் தோளைத் தட்டி, "மாத்தயா, லைட் தான்ன," என்றார். ஐயா, லைட்டைப் போடுங்கள். அவ்வளவுதான் அவருடைய விசாரணை.

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தேன் (நன்றாகத்தான் ஒட்டியிருந்தேன், சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது). பின்னேரம் ராத்தாவிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "விடுங்க தம்பி, அதுகள் வந்தாத்தான் என்ட ஊடும் ஊடு மாதிரி ஈக்கி," என்றார். நான் வியர்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து எழுந்துபோய் ஃபேனைப் போட்டார். "எனக்காகப் போடாதேங்கோ" என்பது வாய் வரைக்கும் வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

படுக்கையறை மட்டையை மட்டும் வசந்தா பிய்க்க விடவில்லை. அது இன்னும் இருக்கிறது.

இப்போது தர்ஷி களனியில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். எங்கள் வீட்டில் எது நின்றாலும், பைப்பில் தண்ணீர் நின்றாலும், தெஹிவளைக்குப் போகும் ரயில் பாதி வழியில் நின்றாலும், எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள். போன கிழமை அவளுடைய விடுதியில் கரண்ட் போய்விட்டது. உடனே எனக்கு ஃபோன் வந்தது. பின்னால் பெண் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம், ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள்.

"அப்பா, கவுத நெவெத்துவே?"

கடையில் ஆட்கள் நின்றார்கள். கையில் பிரித்த சாரி. நான் நெஞ்சில் கையை வைத்துச் சத்தமாகச் சொன்னேன்.

"மம!"