கீரி எடுத்த விலா

ஒரு காட்டில் சடுகுடு ஆட ஆயிரம் பேரும், விண்ணப்பம் வாங்க ஒரே ஒரு கிளியும் இருந்தார்கள். ஆடுகிறவர்களில் பேச்சிமுத்து என்றொரு கீரி. உடம்பு ஒரு சாண், வாய் எட்டு முழம்.

ஒருநாள் அது பாடிக்கொண்டே எதிரணிக்குள் போனது. கரடி மாடசாமி அதை அள்ளி மார்போடு அணைத்துப் பிடித்தது. அன்பாகத்தான் பிடித்தது. கரடியின் அன்பைக் கீரி தாங்குமா? வலது பக்கம் 'கடக்' என்றது.

வைத்தியர் மரங்கொத்தி விலாவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அந்தத் தட்டிலேயே கீரிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"எலும்பு முறியல. கன்னிப்போயிருக்கு, அவ்வளவுதான். மூணு வாரம் ஆடக்கூடாது. தும்மாதீங்க, சிரிக்காதீங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஆட்டம். விடுப்பு வாங்காமல் ஆட்டத்துக்கு வராதவருக்கு ஒரு மாதம் ஆற்றில் தண்ணீர் கிடையாது என்பது சிங்கராஜா போட்ட சட்டம். ஆடினால் விலா போகும், ஆடாவிட்டால் நாக்கு வறளும். பாவம், கீரி விலாவைப் பிடித்துக்கொண்டு, விடுப்பு கேட்கக் கிளியின் வரிசையில் போய் நின்றது. முன்னால் பதினேழு ஆமைகள். வரிசை எப்படி நகர்ந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் முறை வந்தது.

"விடுப்புக்குக் காரணம்?" என்றது கிளி.

"விலா, அம்மா."

கிளி பேனாவைக் கீழே வைத்தது. இந்தக் காட்டில் ஒருவருக்கும் ழகரம் வருவதில்லை என்பது அதன் தீராத மனக்குறை. அன்று காலையில்தான் ஒரு குரங்கு 'வாளப்பளம்' என்று சொல்லி அதன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு போயிருந்தது.

"விலா இல்லை, விழா. நாக்கை மடிச்சுச் சொல்லு."

"இல்லம்மா, விலாதான். வலிக்குது."

"பழக்கமில்லாத நாக்கு வலிக்கத்தான் செய்யும்" என்ற கிளி, 'விழா' என்று முத்து முத்தாக எழுதி முத்திரை குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கீரியின் வளை வாசலில் மேளம் கேட்டது. ராஜமுத்திரை குத்திய விழாவைக் காடு சும்மா விடுமா? பன்றிகள் பந்தல் போட்டன. யானை ஒரு பொன்னாடை போர்த்தியது, அதற்குள் கீரி இருக்கிற இடமே தெரியவில்லை.

"விழா இல்லப்பா, விலா, விலா" என்று கதறியது கீரி.

"விழா, விழா" என்று கூட்டமும் சேர்ந்து கத்தியது. எதற்கு விழா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

விழா என்றால் சடுகுடு இல்லாமலா? விழா நாயகர்தான் முதலில் பாடிப் போக வேண்டும் என்று கீரியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அங்கே மாடசாமி கண் கலங்கி நின்றது.

"மாப்ள, உனக்கு விழான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்று இறுக அணைத்துக்கொண்டது. இந்தத் தடவை இடது பக்கம்.

திங்கட்கிழமை கீரி மறுபடியும் வரிசையில் நின்றது. மூச்சு விடவே அதற்குப் பயமாக இருந்தது.

"விடுப்புக்குக் காரணம்?"

கீரி கொஞ்சம் யோசித்தது.

"பேதி."

கிளி ஒரு சிறகால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மூன்று வாரம் கேட்டதற்கு மூன்று மாதம் எழுதி, தாளைத் தூரத்திலிருந்தே வீசியது.

நீதி: மெய் பேசினால் மெய் நோகும். ஆகவே ல, ள, ழ வராத பொய்யாகப் பார்த்துச் சொல்லுக.