காலடியாரின் மூன்று சுவர்கள்

"என் தங்கச்சி செருப்பைத் திருப்பிக் குடுங்க."

கூடத்தில் இருந்த தாய்மார்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், ஏதோ கெட்ட வார்த்தை விழுந்துவிட்டதுபோல. அந்த இடத்தில் அது கெட்ட வார்த்தைதான். அங்கே குறி சொல்லும் காலடியாரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பிள்ளைக்குப் பேச்சு வருமா, புருஷனுக்குப் புத்தி வருமா, எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. கொடுத்த செருப்பை மட்டும் திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டால் பிள்ளை காணாமல் போய்விடும். முதல் நாள் மாடிப்படி ஏறும்போதே இதைச் சொல்லி எச்சரிப்பதற்கு ஓர் உதவியாளர் உண்டு. அவர் தொண்டையைக் கேட்ட ஊர் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர் வைத்திருந்தது.

"உக்காருடி! என் மானத்தை வாங்காதே!" செருப்பைக் கேட்ட மூத்த மகளின் கையை அம்மா பிடித்து இழுத்தாள்.

அவள் உட்காரவில்லை. பார்சல் கம்பெனி ஒன்றில், வரும் பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்து லாரிக்கு அனுப்பும் பகுதியில் அவளுக்கு வேலை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். வாங்கிய நாளிலிருந்து அவள் எதைக் கேட்டாலும் வீட்டில் ஒரே பதில்தான்: படிச்ச திமிர்.

காலடியார் சிரித்தார். வெள்ளை அங்கி, வெள்ளைத் தாடி, அதைவிட வெள்ளையாகப் பல்.

"கேட்டது இந்தப் பொண்ணு இல்லம்மா. சின்னவளை வெளியே இழுக்குதே ஒரு சக்தி, அது இவ வாய்ல உக்காந்து பேசுது."

கூட்டம் சிலிர்த்துப்போனது. அவள் பல்லைக் கடித்தாள். என்ன வசதியான ஏற்பாடு! கேள்வி கேட்டால் சக்தி பேசுகிறது, கேட்காமல் இருந்தால் பக்தி பேசுகிறது.

நாற்காலிக் கடைக்கு மேலே இருந்த அந்தக் கூடத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கவலையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். வீட்டைவிட்டு நழுவிப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்கள். பெரும்பாலும் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள். கதவு கொஞ்சம் திறந்திருந்தால் போதும், போய்விடுவார்கள். கோபித்துக்கொண்டு போவதில்லை. பிடித்தது ஒன்று எங்கேயோ இருக்கிறது, அதைப் பார்க்கப் போகிறார்கள். நடுவில் இருக்கும் சாலையும் லாரியும் அவர்கள் கணக்கில் வராது. அதனால் பெற்றவர்கள் குளிக்கும்போதும் ஒரு காதைக் கதவில் வைத்துக்கொண்டு குளித்தார்கள். தூங்கிப் பல வருஷம் ஆனவர்களை ஏமாற்றப் பெரிய சாமர்த்தியம் வேண்டுமா? பாயை விரித்து, 'நான் பார்த்துக்கறேன், நீங்க தூங்குங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா?

காலடியார் சொன்னார். அதற்குப் பெயர் கால்கட்டு.

பிள்ளையின் ஜோடிச் செருப்பில் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். பிள்ளை எதை நாடிப் போகிறது என்பதைப் பெற்றவள் அவர் காதில் மட்டும் சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடித் திசை பார்த்து, இடது சுவரிலோ வலது சுவரிலோ பின்சுவரிலோ ஓர் ஆணியில் செருப்பை மாட்டுவார். அவ்வளவுதான், கால் கட்டப்பட்டுவிட்டது. அப்புறம் நிபந்தனைகள். காதில் சொன்னதை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது, நினைக்கவும் கூடாது. பிள்ளையின் உடம்பில் பெயரோ நம்பரோ இருக்கக் கூடாது. வாசல் கதவில் மணி கட்டக் கூடாது, அந்தச் சத்தம் கட்டை அவிழ்த்துவிடும். கட்டணம் எதுவும் கிடையாது. வாசலில் ஒரு பெட்டி மட்டும் இருக்கும். பெட்டியைப் பார்க்காமல் போகிறவரை ஒலிபெருக்கி பார்த்துக்கொள்வார்.

இவ்வளவு கட்டியும் பிள்ளை போய்விட்டால்? அதற்குத்தான் தண்ணீர்த் தட்டு. காணாமல் போன பிள்ளையின் செருப்பைச் சுவரில் விரலால் காட்டினால், காலடியார் தட்டுத் தண்ணீரைப் பார்த்துப் பிள்ளை இருக்கும் இடத்தைச் சொல்லுவார். பலமுறை சரியாகவே சொல்லியிருக்கிறார். கூட்டம் சேர்ந்தது அதனால்தான். அவர் கட்டியும் ஏன் பிள்ளை போகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

தங்கச்சிக்குப் பதினொரு வயது. வீட்டில் சில்லு என்று கூப்பிடுவார்கள். அவளுடைய ஊதா நிறச் செருப்பில் ஒட்டும் பட்டை இருக்கும். அதைத் தானே இழுத்து, தானே ஒட்டிக்கொள்ள அவள் மாதக்கணக்கில் பழகினாள். முதன்முதலாக ஒட்டிய அன்று வீடு முழுக்க ஓடி ஒவ்வொருவருக்கும் காலைத் தூக்கிக் காட்டினாள். அந்த ஜோடியில் ஒன்றைத்தான் அம்மா கொண்டுபோய் ஆணிக்குக் கொடுத்தாள். வேறு செருப்பைச் சில்லு தொடவில்லை. அக்கா வாங்கி மாட்டிய நம்பர் போட்ட கைப்பட்டையும் கதவு மணியும் அலமாரிக்குப் போயின.

மணி இல்லாத கதவு வழியாகச் சில்லு ஒருநாள் போனாள். அம்மா காலடியாரிடம் ஓடினாள். தட்டைப் பார்த்தவர், "தண்ணி... கண்ணாடி... கலர் கலரா ஏதோ அசையுது" என்றார். வண்ணமீன் விற்கும் கடையில், தொட்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு சில்லு நின்றாள். செருப்பில்லாத காலில் ரத்தம். வழியில் ஏதோ குத்தியிருந்தது. மருத்துவமனையில் தையல் போட்டார்கள்.

"ரொம்ப நேரமா இங்கதான் நின்னுச்சு" என்றாள் மீன்தொட்டிக் கடைக்காரி. "யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரியல. கையில ஒரு நம்பர் இருந்தா அப்பவே கூப்பிட்டிருப்பேனே."

அக்காவுக்கு வயிறு எரிந்தது. அவள் வேலை செய்யும் இடத்தில் ஒரு பெட்டி சோப்பு தவறிப்போனால்கூட மேலே ஒட்டிய நம்பரைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சோப்புக்கு இருக்கும் பாதுகாப்பு அவள் தங்கச்சிக்குக் கிடையாது!

அதனால்தான் வந்து செருப்பைக் கேட்டாள். கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றபோதுதான் ஒரு அப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஐயா, பையனைக் காணோம்யா!"

"பதறாதே. காலடியைக் காட்டு."

அவர் பின்சுவரில் ஒரு நீலக் காலணியைக் காட்டினார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். நின்றுகொண்டிருந்தவள் காலடியாரின் கண்ணைப் பார்த்தாள். அது முதலில் காலணிக்குப் போனது. பிறகு அது எந்தச் சுவர் என்று பார்த்தது. அப்புறம்தான் தட்டில் இறங்கியது.

"இரும்பு... சக்கரம்... நிறைய சக்கரம் சுத்துது..."

"பஸ் நிலையம்!" என்று கத்தியது அந்த அப்பாவேதான். ஓடினார். பையன் அங்கே இருந்தான். கூடம் கைதட்டி ஓய்வதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. அடப்பாவி! தண்ணீரை நாடும் பிள்ளை இடது சுவர், சில்லுவின் செருப்பு தொங்குவது அங்கேதான். வண்டியை நாடும் பிள்ளை பின்சுவர். மிச்சமிருக்கும் வலது சுவர் பாட்டையும் மேளத்தையும் நாடும் பிள்ளைக்காக இருக்கும். பெட்டியைப் பிரிக்காமலே எந்த லாரிக்கு என்று சொல்லும் வித்தை. அதை அவள் தினமும் செய்கிறாள். இதுவரை யாரும் அவள் முன்னால் கண்ணீர் விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்தாள்.

"அம்மா, அடுத்த தடவை சில்லுவைக் கூட்டிட்டுப் போவோம். கீழே நாற்காலிக் கடையில உக்கார வெச்சிட்டு, காணோம்னு சொல்லுவேன். அவர் கரெக்டா 'கீழே இருக்கா'ன்னு சொல்லிட்டா, இனிமே நான் வாயே திறக்க மாட்டேன். கைப்பட்டையையும் மணியையும் நானே குப்பையில போடறேன்."

அம்மா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மாவோ சிரித்தாள்.

"சோதிச்சுப் பாரு. எல்லார் முன்னாடியும் சொல்லிடுவார். அப்ப உன் மூஞ்சியை எங்கே கொண்டு வெச்சுக்கறேன்னு பாக்கறேன்."

அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் கால்பங்கை மகள்மேல் வைத்திருக்கலாம்.

அடுத்த முறை, கூடம் பெருக்கும் தொண்டுக்கென்று அவள் முன்னதாகவே போனாள். ஒலிபெருக்கி பல்லைக் காட்டி வரவேற்றார். "புத்தி வந்துச்சு பாரு!" அவர் படியிறங்கிப் பெட்டியைத் துடைக்கப் போன இடைவெளியில், இடது சுவரில் தொங்கிய ஊதாச் செருப்பை எடுத்துப் பின்சுவரில் மாட்டினாள். மாட்டிவிட்டு, நிஜமாகவே பெருக்கவும் செய்தாள்.

கூட்டம் நிரம்பியது. அவள் எழுந்தாள்.

"ஐயா, என் தங்கச்சியைக் காணோம்."

"அன்னிக்குச் செருப்பைக் கேட்டல்ல? சொன்னேனா இல்லையா?" காலடியார் குரலில் தேன் ஒழுகியது. "சரி, காலடியைக் காட்டு."

காட்டினாள். கண் செருப்புக்குப் போய், சுவருக்குப் போய், தட்டில் இறங்கியது.

"ஐயையோ... இரும்பு... நீளமா இரும்பு... பெரிய சத்தம் ஒண்ணு நெருங்கி வருதே!"

"தண்டவாளம்!" என்று கூட்டம் அலறியது. நாலு பேர் எழுந்து ஓடத் தயாரானார்கள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. தண்ணி, மீன், அதெல்லாம் இல்லையா?"

"என் பார்வையிலேயே சந்தேகமா? தண்டவாளம்தான்!"

அவள் படிக்கட்டுக்குப் போய்க் குரல் கொடுத்தாள். "சில்லு, மேலே வா!"

கீழே துணைக்கு உட்கார்ந்திருந்த மீன்தொட்டிக் கடைக்காரியின் விரலைப் பிடித்துக்கொண்டு சில்லு ஏறிவந்தாள். ஒரு காலில் ஊதாச் செருப்பு, மறுகாலில் வெறும் சாக்ஸ், கையில் நம்பர் பட்டை. அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு மகிழ்ந்துபோய், எல்லாருக்கும் கையாட்டினாள்.

முதலில் சுதாரித்தவர் ஒலிபெருக்கிதான். "பாத்தீங்களா! தண்டவாளத்துக்குப் போக இருந்த பிள்ளையை ஐயா இங்கே திருப்பிட்டார்!"

நம்ப முடிகிறதா? இரண்டு பேர் கைதட்டினார்கள்.

அம்மா மெதுவாக எழுந்தாள். "ஐயா... நான் உங்க காதுல மீனுன்னுதானே சொன்னேன்? ரயிலை யாரு சொன்னது?"

காலடியார் தட்டைப் பார்த்தார். தட்டில் தண்ணீர் இருந்தது. தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

"ரயிலைச் சொன்னது இந்தச் சுவரும்மா" என்றாள் அவள். "சில்லு செருப்பை இங்கே மாத்தி மாட்டினது நான். இடது சுவர்ல செருப்பு தொங்குறவங்க பிள்ளைங்க எல்லாம் குளம், குழாய், மீனுன்னுதானே போகும்? கையைத் தூக்குங்க."

முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. இன்னொன்று. அப்புறம் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தபடி, வெட்கத்தோடு, பல கைகள்.

"உங்க பிள்ளை எங்கே போகும்னு உங்களுக்கே தெரியும். நீங்க சொன்னதைத்தான் இவர் உங்களுக்கே திருப்பி வித்தார். இதை அந்த வழியில இருக்கிற கடைக்காரங்களுக்குச் சொல்லியிருந்தா, பிள்ளை வாசலைத் தாண்டினதுமே உங்களுக்குச் சேதி வந்திருக்கும். அதைச் சொல்லக் கூடாதுன்னுதான் உங்க வாயைக் கட்டினார். இங்கே யார் காலும் கட்டப்படல, உங்க வாய்தான்."

"சக்தி பேசுது, கேக்காதீங்க!" என்றார் காலடியார். இந்தத் தடவை குரலில் தேன் இல்லை.

அவள் பின்சுவருக்குப் போய் ஊதாச் செருப்பை ஆணியிலிருந்து எடுத்தாள். திருப்பிக் கொடுங்கள் என்று இந்தத் தடவை கேட்கவில்லை. சில்லு தரையில் உட்கார்ந்து, நாக்கை வெளியே நீட்டி, பட்டையை இழுத்துத் தானே ஒட்டினாள். ஒட்டி முடித்ததும் காலைத் தூக்கி, வேறு யாருக்கும் இல்லை, காலடியாருக்கே காட்டினாள்.

சாயங்காலம் என்ன செய்ய வேண்டும் என்பதை அவள் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கதவில் மணி காலையிலேயே ஏறிவிட்டது. வீட்டிலிருந்து மீன்தொட்டிக் கடை வரை ஒரு கடை விடாமல் சில்லுவோடு ஏறி இறங்கி, இவள் எங்கள் பிள்ளை, தனியாக வந்தால் உட்கார வைத்து எங்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வேண்டும். வாரம் ஒருநாள் சில்லுவை மீன் பார்க்கக் கூட்டிப்போக வேண்டும், அவள் திருட்டுத்தனமாகப் போகவே தேவையில்லாமல். அம்மா சம்மதித்தாலும் சரி, சம்மதிக்காவிட்டாலும் சரி.

தங்கச்சியின் கையைப் பிடித்தாள். படிக்கட்டில் நின்று ஒருமுறை மட்டும் திரும்பினாள்.

"செருப்பைக் கழட்டி ஆணியில மாட்டினப்போ மூளையையும் சேர்த்துக் கழட்டி மாட்டிட்டீங்க. போறப்போ ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. செருப்பை மறந்தாலும் பரவாயில்லை."

சொல்லிவிட்டு இறங்கினாள். அம்மா பின்னால் வருகிறாளா என்று பார்க்கவில்லை. மேலே ஒவ்வொரு ஆணியாகக் காலியாகும் சத்தம் கேட்டது. சில்லு அதற்குள் மீன்தொட்டிக் கடை இருக்கும் பக்கம் இழுக்க ஆரம்பித்திருந்தாள்.