இலவச வைஃபையும் இரண்டு சுற்றறிக்கைகளும்

பொதுமக்கள் நலன் கருதி லைசென்ஸ் ஆபீசின் கீழ்த்தளக் கூடத்தில் இலவச வைஃபை நிறுவப்பட்டது. நலனைப் பொதுமக்கள் தாங்களாகவே வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று ஆபீசர் மூன்று மாதம் காத்திருந்தார். ஈ காக்கைகூட வரவில்லை. நன்றி கெட்ட ஜனங்கள், வீட்டில் உட்கார்ந்தபடி சொந்த மொபைல் டேட்டாவிலேயே விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் யாருமே இணையவில்லை என்று கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. உடனே முதல் சுற்றறிக்கை பிறந்தது: லைசென்ஸ் புதுப்பிக்கும் விண்ணப்பங்கள் இனி கூடத்து வைஃபை வழியாக மட்டுமே ஏற்கப்படும்.

இந்தச் சங்கதி ஆம்புலன்ஸ் டிரைவருக்குத் தெரியாது. அவருடைய லைசென்ஸ் அன்று மாலை ஐந்து மணியோடு காலாவதி. விட்டுவிட்டால் மறுநாள் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. காலையிலிருந்து வண்டிக்குள் உட்கார்ந்து தன் டேட்டாவில் முட்டி மோதிப் பார்த்தார். 'தவறான இணைப்பு, கூடத்துக்கு வரவும்' என்றே போன் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கூடத்தில் இருநூறு பேர் போனும் கையுமாக நின்றார்கள். வைஃபை உடனே கிடைத்தது. பெயர் என்ற கட்டத்தில் அவர் விரல் வைக்கப் போனதும், காவலாளி பாய்ந்து வந்து கையைப் பிடித்து, சுவரைக் காட்டினார். அங்கே முதல் சுற்றறிக்கைக்குப் பக்கத்தில் இரண்டாவது சுற்றறிக்கை: பொது வைஃபை ஆபத்தானது, அதில் எவரும் தமது பெயர், பிறந்த தேதி, அடையாள எண், பாஸ்வேர்டு ஆகியவற்றை உள்ளிடக் கூடாது, மீறினால் விண்ணப்பம் ரத்து. இரண்டு அறிக்கையிலும் கையெழுத்து ஒன்றுதான். கையெழுத்துக்குச் சொந்தக்காரர் மாடியில் இருந்தார். டிரைவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

"வைஃபையில போட்டாத்தான் எடுத்துப்பீங்க. வைஃபையில பேரைப் போடக் கூடாதுங்கிறீங்க. அப்ப நான் என்னதான் சார் போடுறது?"

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லாப் படிச்சீங்களா? தமது பேரைன்னு இருக்கு. அடுத்தவங்க பேரைப் போடக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? பக்கத்துல நிக்கிறவங்களுக்கு நீங்க போடுங்க. உங்களுக்கு அவங்க போடட்டும். யாரும் தன் விவரத்தைத் தரல, வைஃபையும் ஓடுது. பாதுகாப்புக்குப் பாதுகாப்பு."

எங்கேயோ இடிக்கிறது என்று டிரைவருக்குத் தோன்றியது. எங்கே என்று யோசிக்க நேரமில்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்று கீழே இறங்கி, பள்ளி வேன் ஓட்டும் ஒரு அக்காவுடன் ஜோடி சேர்ந்தார். செய்தி பரவி எல்லாரும் ஜோடி சேர்ந்தார்கள். ஒருவர் சொல்வது ஒருவர் காதில் விழவில்லை. ஆகவே இருநூறு பேரும் தங்கள் ரகசியங்களைக் காப்பாற்றுவதற்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். பிறந்த தேதிகள் பறந்தன. மறைத்து வைத்திருந்த வயதுகள் வெளியே வந்தன. பாஸ்வேர்டு என்ன என்று அக்கா மூன்று முறை கேட்டார். டிரைவர் நாற்காலி மேல் ஏறி நின்று தன் மாமியாரின் பெயரை எழுத்துக் கூட்டி முழங்கினார். மாமியார் மேல் அவருக்கு இவ்வளவு பாசம் இருந்தது அதுவரை வீட்டில்கூட யாருக்கும் தெரியாது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டது. டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீசரும் நெகிழ்ந்துபோய், எல்லாரும் கத்தியபோது தன் கையாலேயே எடுத்திருந்த வீடியோவை, 'தனிநபர் தகவல் பாதுகாப்பு விழிப்புணர்வு முகாம்' என்ற தலைப்பில் துறையின் இணையப் பக்கத்தில் ஏற்றினார். காது கேளாதோர் நலன் கருதி, பேசியதெல்லாம் கீழே எழுத்தாகவும் ஓடியது. நடுவில் நாற்காலி மேல் டிரைவர். பார்க்கக் களையாகத்தான் இருந்தார். பெருமை தாங்காமல், தன் சொந்த டேட்டாவைப் போட்டு உறவு முறை எழுபத்திரண்டு பேருக்கு அதை அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'தங்கள் விவரங்கள் பொதுவெளியில் காணப்பட்டதால், தங்கள் பாதுகாப்புக் கருதி லைசென்ஸ் நிறுத்திவைக்கப்படுகிறது. மீட்டெடுக்கக் கூடத்து வைஃபைக்கு நேரில் வரவும்.'

இருநூறு பேருக்கும் வந்திருந்தது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, நமக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காதா என்று புதிதாக வந்தவர்கள் வேறு. வரிசை தெரு வரை போயிற்று. வாய்க்கு வந்தபடி எல்லாரும் திட்டினார்கள், ஆனால் ஒருவரும் இடத்தை விடவில்லை. இணைந்தவர்கள் எண்ணிக்கை ஏற ஏற, கூடத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்துவிட்ட ஆபீசர் பூரித்துப்போனார். பூரிப்பும் புழுக்கமும் சேர்ந்து, பதினோரு மணிக்கு அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

டிரைவருக்கு இருபது வருடப் பழக்கம், கால் தானாக முன்னே போனது. போனால் வரிசையில் இடம் போய்விடுமே என்று பின்னே வந்தது. அதற்குள் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் அழைப்பு எடுக்கும் பெண்.

"அண்ணே, லைசென்ஸ் ஆபீஸ்ல ஒருத்தர் மயங்கிட்டாராம். உடனே வண்டியை எடுங்க."

"எதிர்லதாம்மா கிடக்கிறார், பார்த்துக்கிட்டுத்தான் நிக்கிறேன். வண்டி எடுக்க லைசென்ஸ் இல்ல. வேற டிரைவருக்குச் சொல்லும்மா."

அந்தப் பெண் வேறு டிரைவருக்குச் சொன்னாள். வரிசையில் நாலு ஆள் தள்ளி இன்னொரு போன் அடித்தது.